இஸ்தோப்பில் இருக்கும் பெருசு

இத்தொடரை வானொலியில் செவிமடுத்து வரும் நேயர் ஒருவர் கந்தப்பளையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். "எங்கள் பக்கத்து இளைஞர்கள் வயதானவர்களைப் 'பெருசு' என்கிறார்கள். கேட்கவே கூசுகிறது. இதை நீங்கள் வானொலியில் கண்டிக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கண்டிப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஆனால் ஒரு சொல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் சுற்றத்தாரையும் பூர்வீகத்தையும் கொஞ்சம் விசாரித்துவிடுவது நல்லதல்லவா? அதற்காகவே இந்த வாரம் நான் பிறந்து வளர்ந்த ராகலைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராகலைக் கடைவீதியில் நின்றால் போதும். சென்.லெனாட்ஸ், லிட்டெஸ்டேல், புறூக்சைட் என்று சுற்றியுள்ள தோட்டங்களெல்லாம் அங்கே இறங்கி வந்துவிடும். "என்னா பெருசு, பென்சன் காசா?" என்பான் ஓட்டோ ஓட்டும் பையன். "அந்தக் கெழடு இன்னும் பஸ்ஸுல ஏறலியே" என்பார் ஒருவர். "கெழம், வழிய விடு" என்று முண்டுவார் இன்னொருவர். "பழசெல்லாம் இப்பிடித்தான், வெலையக் கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கும்" என்று சலித்துக்கொள்வார் துணிக்கடைக்காரர். நடுவிலே ஒரு சிறுமியின் குரல் கேட்கும்: "தாத்தா, கையப் புடிச்சிக்கங்க, வழுக்கும்."

பெருசு, பழசு, கெழடு, கெழம் ஆகிய நான்கும் அஃறிணைச் சொற்கள். மனிதரை உயர்திணை என்று வகுத்த மொழி நம்முடையது. ஆயினும் ஒருவருக்கு நரை கண்டதும் பேச்சுவழக்கு அவரைச் சத்தமில்லாமல் அஃறிணைக்கு இறக்கிவிடுகிறது. பெயர் இறங்கினால் வினையும் கூடவே இறங்கும். 'வந்தார்' என்பது 'வந்திருச்சு' ஆகும். 'சொன்னார்' என்பது 'சொல்லுது' ஆகும். கந்தப்பளை நேயருக்குக் கூசியதற்கு இலக்கணக் காரணம் இதுதான்.

ஆனால் அதே அஃறிணையில்தான் தாய் தன் குழந்தையைப் பற்றியும் பேசுகிறாள். "புள்ள தூங்குது", "சின்னது இன்னும் சாப்புடல." அங்கே நமக்குக் கூசுவதில்லை. "எங்க பெருசுக்குக் காய்ச்ச, ராவெல்லாம் ஒறங்கல" என்று மருமகள் ஒருத்தி டிஸ்பென்சரி வாசலில் நின்று கலங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அங்கே 'பெருசு' என்பது 'புள்ள' என்பதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பஸ்ஸில் முண்டுகிறவரின் 'கெழம்' அப்படி உட்காராது.

அடுத்தது கிழவன். நம் தோட்டத்து வாயில் அது 'கெழவன்'. இன்று இது ஏச்சுக்கும் அன்புக்கும் நடுவிலே ஊசலாடும் சொல். பழந்தமிழில் இதன் நிலையே வேறு. கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன், உடையவன். தொல்காப்பியம் அகப்பாட்டுத் தலைவனையும் தலைவியையும் கிழவன் என்றும் கிழத்தி என்றும் குறிக்கிறது. அந்தக் கிழவன் இளங்காளை. அவன் தலையில் ஒரு நரைமயிரும் இல்லை. நிலம் உடையவர் கிழார் எனப்பட்டார். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்ற புலவர் பெயர்களிலும் சேக்கிழார் என்ற பெயரிலும் அந்த உடைமை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஞாயிற்றுக்கு உரிய நாள்தான். முதுமை என்ற பொருள் பிற்காலத்தில் மேலோங்கியது. அப்போதுகூட அச்சொல் உடனே இழிந்துவிடவில்லை. 1671 முதல் 1710 வரை இராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத சேதுபதியை வரலாறு கிழவன் சேதுபதி என்றே அழைக்கிறது. அவரை அப்படிச் சொன்னவர்கள் நடுங்கிக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்தும் நம் பாட்டனார் இந்த மலைக்கு வந்தார்கள். மூட்டையோடு மூட்டையாகச் சொல்லையும் கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்த இடத்திலோ கிழவனுக்கு எந்தக் கிழமையும் இல்லை. மண் கம்பனிக்கு உரியது, லயக் காம்பிரா தோட்டத்துக்கு உரியது, கையில் பிடித்த கவ்வாத்துக் கத்திதான் அவனுடையது. உடையவன் என்று பொருள்பட்ட ஒரு சொல், ஒன்றுமே உடையவனல்லாத ஒருவனுக்கு ஏச்சுச் சொல்லாக வந்து ஒட்டிக்கொண்டது. அகராதி தொகுப்பவர்கள் இந்தப் பொருளையும் ஓர் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.

தோட்டத்திலே 'பெரிய' என்ற சொல் எப்படிப் பங்கு போடப்பட்டது என்பதைப் பாருங்கள். பெரிய துரை, சின்ன துரை, பெரிய கங்காணி, பெரிய கிளாக்கர். பெரிய துரைக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆனாலும் அவர் பெரியவர். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இந்தத் தமிழ்ப் பட்டங்களையே சுருக்கித் தங்களுக்குள் பீ.டீ., எஸ்.டீ. என்று பாவித்தார்கள். அவருக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற எழுபது வயதுக்காரர் 'ஏய் கெழவன்'. பெருமை வயதைப் பார்த்து வரவில்லை, பங்களாவைப் பார்த்து வந்தது.

புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ் படிப்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பிலே ஒரு கைந்நூல் வெளிவந்தது. ஏ.எம். பெர்கூசன் எழுதியது. அதன் பெயரே 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு நூல் 'கூலித் தமிழ்' என்ற பெயரைத் தாங்கி வந்தது. 'வாருங்கள்' என்று ஒரு சொல் தமிழில் இருப்பது பெர்கூசனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பெரட்டுக் களத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். பேரனும் பாட்டனும் அடுத்தடுத்து நிற்கும் வரிசையில் இருவருக்கும் ஒரே 'வா', ஒரே 'போ'. வயது வித்தியாசம் செக்ரோலில் இருந்தது, வாயில் இல்லை.

துரைமாரை மட்டும் குறை சொல்லித் தப்பிவிடவும் முடியாது. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்படித்த வயோதிபரை, சாதியில் தன்னை உயர்வாக நினைத்துக்கொண்ட வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி 'வாடா' என்று அழைத்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவருக்குத் 'தாத்தா' என்ற சொல் நாலு லயம் தள்ளிப் போனால்தான் கிடைத்தது. அவர் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

இனி லயத்துக்குள் வருவோம். பெரட்டுக் களத்தில் பறிபோனதை இஸ்தோப்பில் திருப்பிக் கொடுக்க நம் மக்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் உறவுமுறை. பத்துக் காம்பிரா லயத்தில் இரத்த உறவு இல்லாத பத்துக் குடும்பம் இருந்தாலும், அங்கே மாமா, சித்தப்பா, பெரியப்பா, தாத்தா என்று முறை வைக்காமல் ஒருவரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் முதுகில் அடி விழும்.

பாட்டனை அழைக்கும் சொல்லைக் கேட்டே ஒரு குடும்பத்தின் பழைய ஊரைச் சொல்லிவிடலாம். எங்கள் லயத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட வீட்டுப் பிள்ளைகள் தகப்பனைப் பெற்றவரை 'அப்பாரு' என்றும் தாயைப் பெற்றவரை 'அப்புச்சி' என்றும் சொன்னார்கள். திருச்சிக்காரர் வீட்டில் இருபுறமும் 'தாத்தா'. மதுரைக்கு மேற்கிலிருந்து வந்த வீட்டில் 'சீயான்'. தெலுங்கு பேசிய குடும்பம் ஒன்றில் தகப்பனார் 'நைனா'. கரிசல் காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணனை (1923 - 2021) வாசகர்களெல்லாம் நைனா என்று அழைத்ததைப் பின்னாளில் அறிந்தபோது, எனக்கு அந்த ஐந்தாம் காம்பிரா நைனாதான் நினைவுக்கு வந்தார். 'சீயான்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. 1999இல் 'சேது' படம் வந்ததிலிருந்து அது நடிகர் விக்ரமின் பட்டமாகிவிட்டது. பாட்டனைக் குறிக்கும் சொல் என்று சொன்னால் நம் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அந்தச் சீயானை நான் மறக்க முடியாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1900களின் முதலாண்டுகளில் போடப்பட்டு 1940களில் மூடப்பட்ட பாதை அது. "ராகலைக்கு வந்த ரயில பாத்தவன்டா நானு" என்று சீயான் மார்தட்டுவார். நாங்கள் நம்பமாட்டோம். ரயில் வராத ஊரில் பிறந்தவர்கள் அல்லவா? "சீயான் பொய்யி" என்று கத்திக்கொண்டு ஓடுவோம். அவர் கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அந்த லயத்தில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. அவரது பெயரை நான் அறிந்ததே அவர் இறந்த பின்னர்தான்.

லயத்தை விட்டுக் கடைவீதிக்கு இறங்கினால் இந்த உறவுச் சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தமிழில் தாத்தா பாட்டனார். சிங்களத்தில் தாத்தா தகப்பனார். முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் தாத்தா என்றால் மூத்த சகோதரி! அதே வீடுகளில் தகப்பன் வாப்பா. அப்பா என்றால் பாட்டனார். என் நண்பனின் தம்பி ஆறு வயதில் தனியே பாண் வாங்கப் போனான். கடைக்காரச் சிங்களவர் அன்போடு, "தாத்தா கோ?" என்று கேட்டார். அப்பா எங்கே என்பது கேள்வி. அவன் பாட்டனார் முந்தின மாதம்தான் இறந்திருந்தார். பையன் முகத்தைத் தொங்கப்போட்டு, "தாத்தா நே" என்றான். தகப்பனில்லாப் பிள்ளை என்று கலங்கிப்போன கடைக்காரர் பாணோடு இரண்டு பணிசும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். தகப்பன் எதிர்க்கடையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். மறுவாரம் கடைக்காரர் விஷயம் அறிந்து சிரித்த சிரிப்பு ராகலைச் சந்தி வரை கேட்டதாம்.

'அப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலே அது தகப்பனுக்கும் பாட்டனுக்கும் வயதில் மூத்தவருக்கும் உரிய மதிப்பான விளி. தோட்டத்திலே துரை பங்களாவின் சமையல்காரர்தான் அப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்த ஆசிரியர் ஒருவர், "என்ரை அப்பு எனக்குச் சொல்லித் தந்தவர்" என்று பாடத்தைத் தொடங்குவார். இந்த மாஸ்டர் எந்தப் பங்களாவில் வளர்ந்தவர் என்று பின்வாங்கில் இரகசிய ஆராய்ச்சி நடக்கும்.

சிங்களத்திலும் இந்த ஏற்ற இறக்கங்கள் எல்லாம் உண்டு. 'நாக்கியா' என்றால் நம் 'கெழடு' போல ஏளனம். 'வெடிஹிட்டியோ' என்றால் பெரியோர் என்ற மதிப்பு. பாட்டனாருக்குச் 'சீயா'. ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் சிங்கள நடத்துநர் நம் தோட்டத்து முதியவரிடம், "சீயே, இஸ்ஸரஹட்ட" என்பார். பாட்டா, முன்னுக்குப் போங்கள் என்று அர்த்தம். கூட்டத்தை நெருக்குவதற்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் அதிலே ஒரு முறை வைத்துக் கூப்பிடுதல் இருக்கிறது. இனப்பகை புகைந்த காலங்களில் இந்தச் 'சீயே' காதில் விழுந்ததும் நம் வயோதிபர்கள் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பக்கத்து ஆசனத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, 'பெருசு' நம் மலைக்கு எப்போது வந்தது? பெரியவர் என்ற பொருளில் அது பழைய பேச்சுச் சொல்தான். விளிச்சொல்லாக, கிண்டலாக அது பரவியதில் தமிழ்ப் படங்களுக்கும், கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துத் தீபாவளிக்குத் திரும்பி வரும் இளைஞர்களுக்கும் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு. இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் வேலையில் இருக்கும் வரை அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. கங்காணியார், பூசாரியார், கூத்து வாத்தியார், கவ்வாத்துக்காரர், தோட்டத் தலைவர் என்று ஏதோ ஒன்று. ஓய்வு வயது வந்து செக்ரோலில் பெயர் வெட்டுப்பட்டதும் சேமலாப நிதிக் காசு கொஞ்சம் கைக்கு வரும். அது மகளின் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடும். வேலை போனால் காம்பிராவில் அவருக்கென்று தனியாக ஓர் உரிமையும் இல்லை. பெயர் பதிந்த மகனின் தகப்பன் என்ற வகையில்தான் அவர் அங்கே இருக்கிறார். பட்டமும் பேரும் போன இடத்தில்தான் 'பெருசு' வந்து உட்காருகிறது. பையன்கள் அதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. அவர்களுக்கு வேறு எந்தப் பெயரும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு சொல்லும் வந்திருக்கிறது. கைத்தொலைபேசி வழியாக வந்த சொல். 'பூமர்' அல்லது 'பூமர் அங்கிள்'. பழைய காலத்து ஆள், உபதேசம் பண்ணுகிறவர் என்று கேலி செய்யப் பாவிக்கிறார்கள். இதன் ஊர் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே பிள்ளைப்பேறு பெருகியது. 1946 தொடக்கம் 1964 வரை பிறந்தவர்களை அந்தப் பெருக்கத்தின் பெயரால் குறித்தார்கள். நல்ல வேலை, மலிவான வீடு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள் என்பது அங்குள்ள இளையவர்களின் எரிச்சல். அந்த எரிச்சலிலிருந்துதான் கேலி பிறந்தது.

நான் இந்த இரண்டு ஆண்டுகளையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 1946, 1964. இடையிலே நமக்கு என்ன நடந்தது? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் தலைவிதி பிறகு என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்துதான் இங்கே எஞ்சியவர்களின் பிரச்சினை தீர்ந்தது. ஆக, ராகலையில் ஒரு பேரன் தன் பாட்டனைப் 'பூமர்' என்று அழைத்தால், ஆண்டுக் கணக்கு மட்டும் சரி. அமெரிக்கப் பூமருக்கு வீடு வந்த காலத்தில் நம் பூமருக்கு ஊரே போனது. பிறந்த மண்ணில் நாடற்றவராகப் பிறந்து, பாதி வாழ்நாள் கழிந்த பின் அடையாள அட்டை எடுத்தவர்கள் அவர்கள். சிலரின் பாட்டன் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்க் கூடலூரிலோ கோத்தகிரியிலோ 'சிலோன்காரன்' என்ற புதுப் பெயரோடு கண்ணை மூடினார். மலைக்கு இந்தப் பக்கம் 'தாத்தா' என்று அழைக்க இருந்த பிள்ளைகள் புகைப்படத்தைத்தான் அழைத்தார்கள்.

இந்தக் கதையை அந்தப் பேரனுக்கு யாரும் சொல்லவில்லை. கேலி செய்வதற்கு முன் அவன் இஸ்தோப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பெருசு தானே சொல்லும். சொல்ல ஆள் கிடைக்காமல்தான் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாருங்கள், நானும் 'அது' என்றே எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

கந்தப்பளை நேயருக்கு என் பதில் இதுதான்: 'பெருசு' என்ற சொல்லுக்காக நான் யாரையும் கண்டிக்கமாட்டேன். "பெருசு, தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு ஒரு கோப்பைச் சாயத்தண்ணியை நீட்டும் பையனை எனக்குப் பிடிக்கும். அலுவலகத்து யன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, முதியோர் அடையாள அட்டைக்கு வந்து நிற்பவரிடம் முகத்தை நிமிர்த்தாமல் "ஐயா, அடுத்த கிழமை வாங்க" என்று நான்காம் தடவையாகச் சொல்பவரின் 'ஐயா'வைக் காட்டிலும் அது எனக்குப் பெரிது. ஆனால் 'கெழடு' விஷயத்தில் நான் நேயரின் பக்கம். அந்தச் சொல்லை ஆளின் முகத்துக்கு நேரே அன்போடு சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கெழவன் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு தனி உரித்தாளி இருக்கிறாள். அவள் கெழவி. ஐம்பது ஆண்டு கூடவே மலையேறி இறங்கியவள். "எங்க கெழவனுக்கு ஒறப்பு ஆகாது", "கெழவன் வராம நான் சோறு திங்கமாட்டேன்" என்று அவள் சொல்லும்போது, தொல்காப்பியக் கிழத்தி தன் கிழவனைப் பற்றித் தோழியிடம் பேசும் உரிமைக்கு அது வெகு கிட்டத்தில் வந்துவிடுகிறது. அவர் போய்ச் சேர்ந்த அன்று, அதே வாய் ஒப்பாரியிலே அவரை 'ராசா' என்று அழைக்கும். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) இந்தக் குரல்களையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர். உயிரோடு இருந்த நாளெல்லாம் கெழவன், பாடையில் ஏறியதும் ராசா. லயத்தில் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை.

இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கும். பொகவந்தலாவையில் ஒன்று, லிந்துலையில் ஒன்று, டிக்கோயாவில் இன்னொன்று. உங்கள் லயத்தில் பாட்டனாரை என்ன சொல்லி அழைத்தீர்கள், உங்கள் குடும்பம் இந்தியாவின் எந்தச் சீமையிலிருந்து வந்ததாக அவர் சொன்னார் என்ற இரண்டையும் ஒரு தபாலட்டையில் எழுதி நிகழ்ச்சிக்கு அனுப்பி வையுங்கள். அவர் இப்போதும் இஸ்தோப்பில் இருக்கிறார் என்றால் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.